நிலவறைப் பயிர்

பயிர்த்தொழில் என்றவுடனே வயலும் வாய்க்காலும் வெயிலும் மழையுமே நம் மனக்கண்முன் வந்து நிற்பன. ஞாயிற்றின் கதிர் நுழையாத அறையிலே விளைவு காண்பது என்னும் பேச்சு, நம் பாட்டனார் காலத்தில் நகைப்பையே விளைவித்திருக்கும். ஆயினும் இந்நாளில், மாளிகைகளின் அடியில் அமைந்த நிலவறைகளிலே விளக்கேற்றிக் கீரையும் காயும் பூவும் வளர்க்கலாம் என்னும் செய்தி நாடெங்கும் பரவிவிட்டது. கைபேசியைத் திறந்தால் அக்கலையைக் கற்பிப்பதாகக் கூறும் விளம்பரங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஒரே அறை, சிறு முதல், மாதந்தோறும் பெரு வருவாய் என்பதே அவை அனைத்திற்கும் பல்லவி.

நம் கலாசாலை மாணவர் சிலரும் இவ்விஷயத்தில் ஊக்கங்கொண்டுள்ளனர். நூல்நிலையத்தின் அடியிலே, உடைந்த நாற்காலிகளும் பழைய கரும்பலகைகளும் அடைந்து கிடக்கும் நிலவறையைத் துப்புரவு செய்து, அதனைப் பயிர் வளர்க்கும் அறையாக்க வேண்டுமென்றும், அதற்காகும் பொருளைப் பழைய மாணவர் சங்கத்தார் உதவ வேண்டுமென்றும் அவர்கள் விண்ணப்பம் செய்துகொள்ளப் போவதாக அறிகின்றோம். இளைஞர்தம் ஊக்கம் போற்றுதற்குரியது. எனினும் பிறர் உவந்து அளிக்கும் பொருளைச் செலவிடுமுன், அச்செலவு எதன்பொருட்டு என்பதை ஆராய்தல் நம் கடன். அன்றியும், இவ்வறையில் இன்று கற்பதை நாளை தம் ஊரில் தொழிலாகவே மேற்கொள்ள எண்ணுவாரும் இம்மாணவருள் உளர். பட்டம் பெற்று வேலை கிடையாமையால், தாயின் நகையை அடகு வைத்து இத்தொழிலில் இறங்குவோனுக்கு, ஈண்டுச் செய்யும் கணக்குப் பிழை குடும்பத்தையே வருத்தும் நஷ்டமாய் முடியும். ஆதலின் இதனை விளையாட்டென்று விட்டுவிடுதற்கில்லை.

நம் அபிப்பிராயத்தை முதற்கண்ணே கூறிவிடுகின்றோம். பயிர் வளர்க்கும் அறை நம் கலாசாலைக்கு வேண்டுவதே. ஆனால் அவ்வறையினுள் வளர வேண்டுவது விளக்கொளியில் வாழும் கீரை அன்று. இருளிலே வளர வல்ல காளானே ஆகும். கீரைக்கு உரிய இடம் மாடியே. இம்முடிவிற்குக் காரணங்கள் யாவை என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

பயிர் எருவை உண்டு வளர்கின்றது என்பது பலருடைய எண்ணம். தாவர நூல் கற்றோர் அங்ஙனம் கூறார். பசிய இலை, காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் உறிஞ்சிய நீரையும் ஒளியின் துணைகொண்டு சர்க்கரையாக்குகின்றது. அச்சர்க்கரையே தண்டாகவும் வேராகவும் தானியமாகவும் மாறுகின்றது. எருவிலிருந்து பெறும் உப்புக்கள் இன்றியமையாதனவாயினும் அளவிற் சிறியன. ஆகவே ஒளியே பயிரின் வருவாய் எனலாம். இவ்வுண்மையைக் கொண்டு நோக்கினால், நிலவறையில் வைக்கக் கூடியன மூவகைப்படும். அன்றாடம் ஒளியால் ஈட்டி அன்றாடம் வளர்வன ஒருவகை. கீரையும் தக்காளியும் அவ்வகையைச் சார்ந்தவை. முன்னரே வெயிலில் ஈட்டிக் கிழங்கிலோ வித்திலோ சேர்த்து வைத்ததைக்கொண்டு இருளில் வளர்வன இரண்டாம் வகை. தாம் ஒன்றும் ஈட்டாது, பிற பயிர்கள் ஈட்டி வைத்த வைக்கோலையும் மரத்தூளையும் உண்டு வாழ்வன மூன்றாம் வகை; காளான் அவற்றுள் தலையாயது.

நிலவறைப் பயிர் புதுமை என்று கருதுவோர் மேனாட்டு வரலாற்றைச் சிறிது நோக்குதல் நன்று. பாரிஸ் நகரின் அடியிலே, கட்டடங்களுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்துக் கைவிட்ட சுரங்கங்கள் பல உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அச்சுரங்கங்களிலே மொட்டுக்காளான் வளர்க்கலாயினர். அந்நாளில் நகரத்து வண்டிகள் அனைத்தும் குதிரைகளால் இழுக்கப்பட்டமையின், குதிரைச் சாணத்திற்குக் குறைவில்லை. சுரங்கத்தின் குளிர்ச்சியோ ஆண்டு முழுவதும் மாறாதது. நகரம் கழித்த எருவும் நகரம் கைவிட்ட பள்ளமும் ஒன்று சேர்ந்து நகரத்தார்க்கு உணவாயின. இன்றும் அக்காளான் பாரிஸின் பெயராலேயே பிரெஞ்சு மொழியில் வழங்குகின்றது.

பெல்ஜியம் நாட்டிலே சிக்கரிச் செடியின் வேரைக் கோடையில் வயலில் வளர்த்து, பனிக்காலத்தின் தொடக்கத்தில் அகழ்ந்தெடுத்து, இருண்ட நிலவறையில் நெருக்கமாக நட்டு வைப்பர். வேரில் சேர்ந்திருந்த உணவைக்கொண்டு வெண்மையான கூம்பு வடிவக் குருத்து எழும். ஒளி படாமையால் அதன் கசப்புக் குறைகின்றது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரஸ்ஸல்ஸ் தாவரத் தோட்டத்தில் செம்மையுற்ற இம்முறை, பச்சைக் காய்கறி அரிதாகும் குளிர்காலத்தில் அந்நாட்டார்க்குப் பேருதவியாயிற்று. இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு, லீட்ஸ் முதலிய ஊர்ப்புறங்களில் ரூபார்ப் என்னும் செடியை இரண்டு ஆண்டு வெளியில் வளர்த்து, உறைபனி படவிட்டு, பின்னர் இருட்கொட்டகையில் வைத்து இளந்தண்டு எடுக்கின்றனர். ஒளி புகுந்தால் தண்டின் மென்மை கெடுமென்று மெழுகுவத்தி வெளிச்சத்திலே அறுவடை செய்வது அவர் வழக்கம். 2010ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தார் அவ்வட்டார ரூபார்ப்பிற்குப் புவிசார் பெயர் உரிமையும் அளித்தனர்.

இவ்வித்தையை நம் நாட்டாரும் அறியாதவரல்லர். மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளில் முளைப்பாரி வளர்க்கும் முதியோரைக் கேளுங்கள். தானியங்களை எருவும் வைக்கோலும் இட்ட பாத்திரத்தில் விதைத்து, வெயில் புகாத அறையில் வைத்து, அளவாக நீர் தெளித்து, ஒரு சாணுக்கு மேல் உயர்ந்த வெளிறிய நாற்றை எடுப்பர். அந்நாற்று வித்திலிருந்த உணவைக்கொண்டே அத்துணை உயரம் எழுகின்றது. உணவு தீர்ந்தபின் நில்லாது. ஈட்டியவிடம் வயல், செலவிட்டவிடம் அறை என்னும் உண்மையை அவர்கள் நூல் வாயிலாக அன்றிக் கண்கூடாக அறிந்திருந்தனர்.

நிற்க. விளக்கைக்கொண்டு கீரை வளர்ப்போர் கூறுவதையும் கேட்போம். லண்டன் மாநகரின் கிளாப்பம் பகுதியிலே, நிலமட்டத்திற்கு 33 மீட்டர் கீழே, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் குண்டுவீச்சினின்றும் மக்களைக் காக்க அமைத்த சுரங்கம் ஒன்றில் எல்.இ.டி. விளக்குகளின் கீழ் இளங்கீரை வளர்க்கப்பட்டு, 2015ஆம் ஆண்டில் விற்பனைக்கும் வந்தது. தென்துருவக் கண்டத்திலே ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் 2018ஆம் ஆண்டில் ஒரு மூடிய பெட்டகத்தினுள் ஏறத்தாழ 12.5 சதுர மீட்டர் இடத்தில் 268 கிலோ காய்கறி விளைவித்தனர். மாதக்கணக்கில் ஞாயிறே தோன்றாத, கப்பலும் அணுகாத அவ்விடத்தில் ஒரு தட்டுப் பச்சைக்கீரை மருந்துக்கு ஒப்பாகும். அதற்கு எவ்வளவு மின்சாரம் செலவிடினும் தகும். விளக்குப் பயிருக்கு உரிய இடம் அதுவே.

ஆயின், ஆண்டின் பெரும்பகுதி வெயில் காயும் நம் ஊரின் நிலை யாது? தெளிந்த வானமுள்ள நண்பகலில் ஒவ்வொரு சதுர மீட்டர் நிலத்தின்மீதும் ஏறத்தாழ 1000 வாட் ஆற்றலை ஞாயிறு பொழிகின்றது. அதற்கு எவரும் கட்டணம் கேட்பதில்லை. நிலவறையிலோ ஒளி முழுவதையும் விலைக்கு வாங்க வேண்டும். 10 சதுர மீட்டர் பாத்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கீரைக்குச் சதுர மீட்டர் ஒன்றுக்கு 100 வாட் விளக்கு, நாளொன்றுக்கு 16 மணி நேரம் எரிய வேண்டுமெனக் கொண்டால், ஒரு நாளைக்கு 16 யூனிட்டும் 30 நாளைக்கு 480 யூனிட்டும் ஆகும். விளக்கு உண்ட மின்சாரம் முடிவில் அறையினுள் உஷ்ணமாகவே தங்குகின்றது. அதனை வெளியேற்றக் குளிர்சாதனத்திற்கு மேலும் 160 யூனிட் வேண்டுமெனலாம். ஆக 640 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 5,120 ரூபாய். அப்பாத்தியில் மாதம் 25 கிலோ கீரை எடுத்தால் அது நல்ல விளைவே. அப்போதும் கிலோ ஒன்றுக்கு மின்சாரச் செலவு மட்டும் ஏறத்தாழ 205 ரூபாய். விதை, உரநீர், கூலி, கருவிகளின் தேய்மானம் ஆகியன இதில் அடங்கா. சந்தையில் கீரை விற்கும் அம்மையார் கேட்கும் விலையோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை மாணவர்க்கே விடுகின்றோம்.

இது சிறு அறைக்குரிய கணக்கு, பெருமுதல் இட்டால் இலாபம் வரும் என்பாரும் உளர். பெருமுதல் இட்டோரின் வரலாறும் நம் முன் உள்ளது. அமெரிக்காவில் விளக்குப் பயிருக்குப் புகழ்பெற்ற ஏரோஃபார்ம்ஸ் ஸ்தாபனம் 2023 ஜூன் மாதத்தில் கடன் பளுவால் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடிற்று. பௌவரி ஃபார்மிங் ஸ்தாபனம் 2024 நவம்பரில் தன் வேலையை நிறுத்திற்று. பிளெண்டி ஸ்தாபனம் 2025 மார்ச்சில் நீதிமன்றம் புகுந்தது. இவர்கள் அறிவிலோ கருவியிலோ குறைந்தவரல்லர். இலைக்கீரைக்கு மக்கள் கொடுக்க இசையும் விலை, அதனை விளக்கொளியில் விளைவிக்கும் செலவைத் தாங்குவது அரிது. வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம்; ஆயினும் இவ்வடிப்படை இடர்ப்பாட்டை எவரும் மறுத்தற்கில்லை.

இனி, நிலவறையின் தன்மையை ஆராய்வோம். மேனாட்டார் நிலவறையைப் புகழ்ந்து எழுதுவதைப் படித்து, நம் நிலவறையும் அத்தகையதே என்று மயங்குதல் கூடாது. நிலத்தின் கீழே சில மீட்டர் ஆழத்தில் வெப்பநிலை, அவ்வூரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டி நிற்கும். பாரிஸில் அது ஏறத்தாழ 12 பாகை. ஆதலின் அங்குச் சுரங்கம் குளிர்ந்திருக்கின்றது. சென்னையிலோ ஆண்டுச் சராசரி 28 பாகையை ஒட்டியது. ஆகவே நம் நிலவறை சித்திரை வெயிலில் இறங்குவோனுக்குக் குளிர்ந்ததுபோல் தோன்றினும், உண்மையில் அது குளிர்ந்த அறை அன்று. மாறாத அறை மட்டுமே. பகலிரவு ஏற்றத்தாழ்வும் கோடை மாரி வேறுபாடும் அங்குக் குறைவு. அம்மாறாத் தன்மையே நமக்குக் கிடைத்துள்ள செல்வம். அதனைக் குளிர்சாதனம் இட்டுப் பாரிஸ் ஆக்க முயல்வது வீண் செலவு. 28 பாகைக்கு மேலும் செழித்து வளரும் பயிர் எது என்று தேடுவதே அறிவுடைமை.

அத்தகைய பயிர் நம் நாட்டிலேயே உள்ளது. மொட்டுக்காளானுக்குக் காய்க்குங் காலத்தில் 14 முதல் 18 பாகை வரையுள்ள குளிர்ச்சி வேண்டும். அது நீலகிரிக்கு ஏற்றது. பால்காளானோ 30 முதல் 35 பாகை வெப்பத்தில் நன்கு விளைவது. வங்காளத்தில் கண்டெடுக்கப்பட்டு 1974ஆம் ஆண்டில் நூலோரால் விவரிக்கப்பட்ட அவ்வினத்தை ஆராய்ந்து, 1998ஆம் ஆண்டில் ஏ.பி.கே. 2 என்னும் பெயரால் உழவர்க்கு வழங்கியது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். அப்பெயரிலுள்ள எழுத்துக்கள் அருப்புக்கோட்டையைக் குறிப்பன. கரிசற் காட்டு வெயிலுக்குப் பேர்போன ஊரின் பெயர் ஒரு காளானுக்கு அமைந்தது வியப்பன்றோ! அப்பயிருக்கென்று அமைக்கும் குடிலையும், நிலத்தினுள் ஓரளவு தாழ்த்தி, மேலே நீல நிற விரிப்பிட்டு அமைப்பது வழக்கம். 1940களிலேயே கோயம்புத்தூர் விவசாய ஆராய்ச்சியாளர் வைக்கோல் காளானை வளர்க்கும் முறையை ஆராய்ந்துள்ளனர். ஆகவே இத்துறையில் நமக்கு வழிகாட்டிகள் அயலில் உள்ளனர். கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை.

செய்ம்முறையும் எளிதே. உலர்ந்த நெல் வைக்கோலை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கிச் சில மணி நேரம் நீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் ஆவியில் வேகவைக்க வேண்டும். பின் நிழலில் ஆற்றி, கையால் இறுகப் பிழிந்தால் நீர் சொட்டாது ஈரம் மட்டும் தங்கும் பதத்தில், பாலித்தீன் பைகளில் வைக்கோலும் காளான் வித்தும் மாறி மாறி அடுக்கிக் கட்ட வேண்டும். இரண்டு மூன்று வாரங்களில் வெண்ணூல் போன்ற பூசண இழை பை முழுதும் பரவும். பின்னர்ப் பையை இரண்டாக வெட்டி, வேகவைத்து ஆற்றிய மண்ணை இரண்டு விரற்கிடை மேற்பூச்சாக இட்டு, நாள்தோறும் நீர் தெளித்து வந்தால், பத்து நாளளவில் மொட்டுக்கள் தோன்றும். அறையின் காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு எண்பதுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். சுவர்களில் ஈரச் சாக்குகள் தொங்கவிட்டாலே பெரும்பாலும் போதும். நன்கு நடக்கும் அறையில் ஒரு கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ காளான் எடுத்தல் அரிதன்று. காளான் மொட்டுக்கு வேண்டிய சிறு வெளிச்சத்திற்கு ஒரு சாதாரண விளக்குச் சில மணி நேரம் எரிந்தாலே மிகுதி.

பயன் அத்துடன் நின்றுவிடுவதில்லை. அறுவடை முடிந்த பையிலுள்ள வைக்கோல் மண்புழுவிற்கு நல்ல உணவு. அவ்வாறு ஆக்கிய எருவை மாடிக் கீரைப் பாத்திக்கு இடலாம். பறித்த காளானை அடிமடல் மேல்நோக்க வெயிலில் சிறிது நேரம் பரப்பி வைத்தால், அதனுள் இயல்பாக உள்ள எர்கோஸ்டெரால் என்னும் பொருள் டி வைட்டமினாக மாறுகின்றது. மாமிசத்திற்கு ஈடான உணவு காளான் என்று சிலர் மிகைப்படக் கூறுவதை நாம் ஏற்கவில்லை; பசுங்காளானில் பத்தில் ஒன்பது பங்கு நீரே. எனினும் விடுதிச் சாப்பாட்டில் வாரத்திற்கு இருமுறை சுவையான ஒரு கறி கிடைப்பது சிறு நன்மை அன்று என்பதை விடுதி மாணவர் யாவரும் ஒப்புக்கொள்வர்.

இனி, இம்முயற்சியின் அபாயங்களை மறைத்தல் நேர்மை ஆகாது. முதலாவது, நூல்நிலையத்தின் அடியில் இவ்வறை அமைதல் கூடவே கூடாது. நூற்றுக்கு எண்பது ஈரமுள்ள காற்று கீழே நாள்தோறும் தங்கியிருந்தால், மேலேயுள்ள தாள்களில் பூசணம் பற்றுவதற்கு நெடுநாள் செல்லாது. ஒரு கறிக்காகப் பழைய சுவடிகளையும் இதழ்த் தொகுதிகளையும் பணயம் வைக்கலாமா? விடுதிச் சமையற்கூடத்தின் பின்புறம், பாதி நிலத்துள் தாழ்ந்ததாக, முன்பு விறகு அடுக்கிய அறை ஒன்று வெறுமையாக உள்ளது. அதற்கு வெளிக்காற்று வரும் சாளரமும், வைக்கோல் வேகவைக்கத் தக்க அடுப்பும் அருகில் உள்ளன. அதனையே இதற்கு ஒதுக்குமாறு அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கின்றோம்.

இரண்டாவது, காற்று. காளான் நம்மைப் போலப் பிராணவாயுவை உட்கொண்டு கரியமில வாயுவை வெளிவிடுவது. காற்றோட்டம் குறைந்தால் காம்பு நீண்டு குடை சிறுத்துவிடும்; அதனைக் கண்டவுடனே அறையின் காற்றுப் பழுதுபட்டது என்று அறியலாம். முதிர்ந்த காளான் உதிர்க்கும் நுண்வித்துக்கள் நாள்தோறும் மூச்சில் புகுந்தால் சிலர்க்கு நுரையீரல் அழற்சி உண்டாகும். சிப்பிக்காளான் அறைகளில் இவ்விடர் மிகுதி. ஆதலின் குடை முழுதும் விரியுமுன் பறித்தலும், அறைக்குள் வேலை செய்வோர் முகமூடி அணிதலும், காற்றை வெளியேற்றும் விசிறி ஓடுதலும் கட்டாயமாதல் வேண்டும். இழுப்பு நோயுள்ள மாணவரை இவ்வேலையில் சேர்த்தல் ஆகாது. வைக்கோலைத் தூய்மை செய்ய ஃபார்மலின் முதலிய மருந்தில் ஊறவைப்பாரும் உளர். அதிலுள்ள ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் விளைவிப்பது என்று உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த ஆராய்ச்சி நிலையம் 2004ஆம் ஆண்டிலேயே முடிவு செய்துள்ளது. நிலத்தடி அறையில் அது வேண்டவே வேண்டாம், ஆவியே போதும்.

மூன்றாவது, நீரும் மின்சாரமும். 2024 ஜூலை 27ஆம் நாள் தில்லி மாநகரில், பயிற்சி நிலையம் ஒன்று நூலகமாகப் பயன்படுத்திவந்த நிலவறையில் மழைவெள்ளம் புகுந்து, ஆட்சிப்பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர் மூவர் உயிரிழந்தனர். தாழ்ந்த அறைக்கு இரு வாயில்கள் இருத்தல் வேண்டும் என்பதும், வாயிற்படி வெளிநிலத்தைவிட உயர்ந்திருத்தல் வேண்டும் என்பதும், பெருமழை நாளில் எவரும் உள்ளே இருத்தலாகாது என்பதும் அத்துயர நிகழ்ச்சி நமக்குக் கற்பித்த பாடம். ஈரச் சுவரில் மின்கம்பி செல்லுமாயின் அது குழாயினுள் செல்ல வேண்டும். கசிவு கண்டவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் பொருத்த வேண்டும். இவற்றிற்குப் பொருள் இல்லையெனின் அறையே வேண்டாம் என்பது நம் உறுதியான எண்ணம்.

அறைக்குள் குங்குமப்பூ விளைவிக்கலாம் என்னும் ஆசையையும் ஈண்டுக் குறிப்பிடுதல் வேண்டும். காஷ்மீரத்துப் பாம்பூர் வயல்களில் விளையும் அப்பூவின் விலை பலருடைய மனத்தைக் கவர்ந்துள்ளது. அதன் கிழங்கு மண்ணின்றியே தட்டில் பூக்கும் என்பது மெய்யே. காஷ்மீரத்து வேளாண்மையாளரும் அம்முறையைக் கையாளுகின்றனர். ஆனால் கிழங்கு அப்போது செலவிடுவது முந்திய பருவத்தில் வெயிலில் சேர்த்த உணவை. பூத்தபின் அதனை மண்ணில் நட்டு, குளிர்காலம் முழுவதும் இலை ஒளியுண்ணச் செய்தால்தான் அடுத்த ஆண்டிற்குக் கிழங்கு பருக்கும். அதனைச் செய்யாதவன் ஆண்டுதோறும் புதுக்கிழங்கு வாங்க வேண்டியவனாவான். ஒரு கிராம் குங்குமப்பூவிற்கு ஏறத்தாழ 150 பூக்கள் வேண்டும். அவை மலரும் பருவத்தில் அறை 17 பாகையளவு குளிர்ந்திருத்தலும் வேண்டும். நம் சமவெளியில் இவை இரண்டிற்கும் ஆகும் செலவைக் கூட்டிப் பாராமல், கட்டணம் செலுத்திப் பயிற்சிக்குச் செல்வது பேதைமை.

நம் கூற்றிற்கு எதிராக மாணவர் ஒரு வாதம் கூறக்கூடும். "கலாசாலை கடையன்று, இலாப நஷ்டம் பாராது புதிய கலைகளைக் கற்பதற்கே நாங்கள் வந்துள்ளோம். விளக்குப் பயிர் வருங்காலத்தில் பயன்படக் கூடும். அதனை நாங்கள் கற்க வேண்டாமா?" என்பர். இது மறுத்தற்கரிய வாதம். ஆகவே தாவர நூற்கூடத்தில் ஒரு சதுர மீட்டர் அளவுள்ள விளக்குத் தட்டு ஒன்று வைத்துக்கொள்ளட்டும் என்கின்றோம். சிவப்பொளியிலும் நீலவொளியிலும் நாற்று எவ்வாறு வேறுபட்டு வளர்கின்றது, உரநீரின் புளிப்பு மாறினால் இலை எந்நிறம் கொள்கின்றது என்பனவற்றை அறிய அதுவே போதும். அத்தட்டிற்குத் தனி மின்அளவி பொருத்தி, ஒவ்வோர் அறுவடையையும் நிறுத்து, எத்தனை யூனிட்டுக்கு எத்தனை கிராம் என்று சுவரில் எழுதி வருதல் வேண்டும். நாம் ஈண்டுக் கூறிய கணக்கு மெய்யோ பொய்யோ என்பதை மாணவரே அளந்து கூறட்டும். அவர்கள் நம்மினும் சிறந்த விளைவு காட்டுவாராயின் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வோம்.

வேறு சிலர், காளான் வளர்ப்பது கிராமத்துக் குடிசைத்தொழில், கலாசாலையின் மதிப்பிற்கு அது தகுமா என்று எண்ணக்கூடும். இவ்வெண்ணம் நம் கல்வியைப் பிடித்த பழைய நோய். நுண்ணுயிரின் வாழ்க்கை, காற்றின் ஈரம், வெப்பத்தின் போக்கு, கணக்கு வைக்கும் முறை ஆகிய இத்தனையும் ஒரு வைக்கோற் பையில் அடங்கியுள்ளன. பச்சைப் பூசணம் பற்றிய பையொன்றைப் பிரித்து, எந்நாளில் யார் கை கழுவாது தொட்டார் என்று ஆராயும் மாணவன், சுத்தம் என்பதன் பொருளைப் பாடப்புத்தகம் பத்துப் படித்தவனினும் தெளிவாக அறிவான்.

ஆகவே நாம் வேண்டுவன இவை: விறகறையைச் செப்பனிட்டுப் பால்காளான் அறையாக்குதல், விடுதி மாடியில் நிழல்வலை கட்டிக் கீரைப் பாத்தி அமைத்தல், தாவர நூற்கூடத்தில் ஒரே ஒரு விளக்குத் தட்டு, இம்மூன்றிற்கும் எல்லோரும் காணத்தக்க ஒரு கணக்கேடு. முதலாண்டில் 50 பைகளுக்கு மேல் வேண்டாம். பழைய மாணவர் சங்கத்தார் அளிக்கும் பொருளில் முதற்பகுதி காற்றுவிசிறிக்கும் மின்பாதுகாப்பிற்கும் இரண்டாம் வாயிலுக்கும் செலவாகட்டும். எஞ்சியதே பைக்கும் வித்திற்கும் ஆகட்டும். ஆண்டிறுதியில் அக்கணக்கேட்டின் சுருக்கத்தை இம்மலரிலேயே வெளியிடுதல் வேண்டும். இலாபமாயினும் நஷ்டமாயினும் மறையாது வெளியிட்டால், தன் ஊரில் இத்தொழிலைத் தொடங்க எண்ணும் பட்டதாரி ஒருவன் அதனைப் படித்துத் தன் முதலைக் காத்துக்கொள்வான். அதுவே இவ்வறையின் முதல் விளைவாகும். இக்கருத்துக்களைச் சங்கத்தாரும் ஆசிரியரும் மாணவரும் கூடி ஆராய்ந்து, வரும் பருவத்திலேயே நல்லதோர் முடிவு காண்பாராக.